வீடு வாங்கப் படிச்ச அஞ்சு ஞாயித்துக்கெழம

அதத்தான் மதினி நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன். மூல வீட்டுக்காரி மகன் பிளாட்டுக்கு அச்சாரம் குடுத்துட்டு வந்துட்டானாம்ல! பத்திரத்தப் பாத்தியாடான்னு கேட்டா, போன்ல படம் அனுப்பியிருக்காக அப்பத்தாங்கிறான். படத்துல நீச்சக் கொளம் இருக்கு, பிள்ளைக ஊஞ்சலாடுது, ஒரு வெள்ளக்காரி மாதிரிப் பொண்ணு காப்பி குடிக்குது. எடம் ஆரு பேருல இருக்குங்கிறது மட்டும் இல்ல. எம்புட்டுப் படிச்சவன்!

ஒக்காரு, என்ன அவசரம் ஒனக்கு? எம் பேத்தி வேற நோட்டும் பேனாவுமா ஒக்காந்திருக்கா. பத்திரிகையில மறக்க முடியாத அனுபவம் கேட்டிருக்காகளாம், நீ சொல்லு அப்பத்தா நான் எழுதுறேங்கிறா. ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லிப்பிடுறேன். நான் வீடு வாங்கப் படிக்கப் போன கத. ஆமாடி, படிக்கத்தான்! சிரிக்காத.

எமர்ஜென்சி முடிஞ்சு ரெண்டு மூணு வருசம் இருக்கும். நாங்க அப்ப மதுரைக்குள்ள முனிச்சாலைப் பக்கம் ஒரு காம்பவுண்டுல குடியிருந்தோம். எட்டு வீடு, ஒரே கொழா. எங்க வீட்டுக்காரருக்கு மில்லுல வேல. நான் ரெண்டு எருமை வச்சுப் பாலு ஊத்திக்கிட்டு இருந்தேன். பெரிய எருமை இருக்கே, அது மகாராணி. நான் பக்கத்துல ஒக்காந்து ஏதாச்சும் பேசிக்கிட்டே கறந்தாத்தான் பாலு எறக்கும். வாய மூடுனா காலத் தூக்கிரும். நான் இம்புட்டுப் பேசுறேன்னு இவுகள்லாம் சொல்றாகள்ல, அதுகிட்டப் பழகுன பழக்கந்தான்.

காம்பவுண்டுக்குப் பின்னாடி காலி எடத்துலதான் ரெண்டையும் கட்டிப் போட்டிருப்பேன். ஒரு நா வீட்டுக்கார அம்மா வந்து மூக்கப் பொத்திக்கிட்டு நின்னு, "தை மாசத்துக்குள்ள எருமையக் காலி பண்ணு, இல்லேன்னா நீ காலி பண்ணு"ன்னுட்டுப் போயிருச்சு. எருமைய வித்துட்டு நான் என்ன செய்ய? அவரு சம்பளம் அரிசிக்கும் வாடகைக்குமே சரியாப் போகும். பிள்ளைக பள்ளிக்கூடம் போனதே எருமை புண்ணியத்துல. அப்பத்தான் சொந்தமா ஒரு எடம் வேணும்னு மனசுல விழுந்துச்சு. மாளிக கேக்கல. தொழுவத்தோட ஒரு ஓட்டு வீடு, பக்கத்துல தண்ணி. அம்புட்டுத்தான்.

ஆனா பயம் மதினி. எங்க காம்பவுண்டுலயே ஒரு டெய்லரு இருந்தாரு. அவரு ஒரு எடம் வாங்கி, அஸ்திவாரம் தோண்டி, எங்களுக்கெல்லாம் பொங்கக் குடுத்தாரு. நாலு மாசங்கழிச்சு வந்து அளந்தா அது கம்மாய்ப் பொறம்போக்காம். பத்திரத்துல ஒரு எடம், காட்டுனது ஒரு எடம். மனுசன் மிஷின வித்துட்டு இன்னொருத்தர் கடையில காஜா எடுக்கப் போனாரு. அவரு பொண்டாட்டி கொழாயடிக்கு வந்தா ஆரு மூஞ்சியவும் பாக்காது. கொடம் நெறஞ்சு வழிஞ்சாலும் அப்பிடியே நிக்கும். அதப் பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமில்ல. அவரு நாலெழுத்துப் படிச்சவரு, அவருக்கே இந்தக் கதி. நான் கைநாட்டு. பஸ்ஸ விட்டு எறங்குறதுக்கே நாலு பேரக் கேட்டுத்தான் எறங்குவேன்.

சரி, வீடு வாங்குறதுக்கு என்னென்ன பாக்கணும்னு ஆராச்சும் சொல்லிக் குடுப்பாகளான்னு தேட ஆரம்பிச்சேன். எம் மூத்தவன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கிட்டக் கேட்டேன். "அது பாடத்துல இல்லம்மா"ன்னுட்டாரு. அவரே வாடகை வீடு, பாவம். ரெஜிஸ்தர் ஆபீசு வாசல்ல பத்திரம் எழுதுறவரு ஒருத்தரு பெட்டிய வச்சு ஒக்காந்திருப்பாரு, அவருகிட்டப் போனேன். "நீ ஏன்மா தெரிஞ்சுக்கிறணும்? தெரிஞ்சவன் நான் இருக்கேன்ல"ன்னாரு. வீட்டுத் தரகருகிட்டக் கேட்டேன். "யக்கா, பொம்பளையாளுக அடுப்படி கெழக்கப் பாத்திருக்கான்னு மட்டும் பாருங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்"ன்னாரு. அவரு வாயில எப்பவும் வெத்தல இருக்கும், அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துல... சரி விடு.

நான் பாலு ஊத்துற வீடெல்லாம் பாதிக்கு மேல சௌராஷ்டிரா சனந்தான். நெசவுக்காரக. வீட்டுக்குள்ள அவுக பாஷை, வாசல்ல எங்கிட்டத் தமிழு. ஒரு ஞாயித்துக்கெழம காலையில ஒரு அம்மா, "அக்கா, மத்தியானப் பால வீட்டுக்கு வேணாம், சங்கத்து ஹாலுக்குக் கொண்டு வந்துருங்க, வகுப்பு நடக்குது, அம்புட்டுப் பேருக்கும் காப்பி போடணும்"னாக.

"என்ன வகுப்பும்மா?"

"எங்க ஆளுக பூராவும் தறியப் போட்டுக்கிட்டு வாடகை வீட்டுலயே காலத்த ஓட்டிட்டோம்ல. இப்பச் சங்கத்துல எல்லாரும் வீடு வாங்கலாம்னு பேச்சு. மொதமொத வீடு வாங்குறவங்களுக்கு எத எதப் பாக்கணும்னு அஞ்சு வாரம் சொல்லித் தாராங்க."

எனக்குத் தூக்குவாளி கையிலருந்து நழுவப் பாத்துச்சு. ஊரெல்லாம் தேடுறேன், நெதம் நான் பாலு ஊத்துற தெருவுலயே நடக்குது!

மத்தியானம் ஒரு படி சேத்தே கொண்டு போனேன். ஹால் பூராவும் பாய் விரிச்சு ஆம்பள ஒரு பக்கம், பொம்பள ஒரு பக்கம். முன்னால கரும்பலக. பாடம் எடுத்தது ஆருங்கிற? வெடவெடன்னு ஒரு சின்னப் பொண்ணு. வக்கீல் ஆபீசுல டைப் அடிக்கிறதாம். கல்யாணமாகி வயித்துல பிள்ள வேற. அது நிக்கிறதும் ஒக்கார்றதுமா அவுக பாஷையில சொல்லிக்கிட்டு இருக்கு. எனக்கு ஒரு எழவும் புரியல. நடுநடுவுல பட்டாங்கிறது, வில்லங்கங்கிறது. அந்த ரெண்டு வார்த்த மட்டும் மணலுக்குள்ள கல்லு மாதிரித் தட்டுப்படுது.

வாசல்ல நின்ன மனுசரு, "பாலு ஊத்தியாச்சுல்ல, கெளம்புங்கக்கா. மெம்பர்களுக்குத்தான் வகுப்பு"ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. நான் வெளிய வந்து, பக்கத்துச் சந்துல சன்னலுக்கடியில நின்னுக்கிட்டேன். புரியாட்டிப் போகுது, ரெண்டு வார்த்த காதுல விழுமேன்னு.

கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணு என்னையப் பாத்துருச்சு. பேச்ச நிறுத்திட்டு, "அக்கா, பால் காசு பாக்கியா?"ன்னு கேட்டுச்சு.

"பாக்கி ஒண்ணுமில்ல தாயி. எனக்கும் வீடு வாங்கணும்."

ஹாலே சிரிச்சிருச்சு. எனக்கு மூஞ்சியக் கொண்டு எங்க வைக்கிறதுன்னு தெரியல. ஆனா அந்தப் பொண்ணு சிரிக்கல. "எத்தன பேரு வீடு வாங்கியிருக்கீங்க இங்க? ஒருத்தரும் இல்ல. அப்ப அந்தக்காவும் நம்ம வகுப்புத்தான்"னுச்சு. வாசல்ல நின்னவரு மெம்பரு, ரூலுன்னு என்னமோ சொன்னாரு. அது, "காப்பி மட்டும் அவங்க பால்ல குடிக்கிறோம்ல, அதுக்கு எந்த ரூலுண்ணே?"ன்னு கேட்டுச்சு. அவரு வழிய விட்டாரு. "உள்ள வந்து ஒக்காருங்கக்கா"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

உள்ள போயி பாயி ஓரத்துல ஒக்காந்தேன். அதுக்குப் பெறகு பாரு மதினி, அந்தப் பொண்ணு கரும்பலகையத் தொடச்சிட்டு, மொதல்லருந்து தமிழ்ல ஆரம்பிச்சுச்சு. எனக்கு ஒருத்திக்காக அஞ்சு வாரமும் அம்புட்டுப் பேரும் தமிழ்லயே படிச்சாக. ஒருத்தர் மொணங்கலியே!

எல்லார் கையிலயும் நோட்டு. எங்கையில காலித் தூக்குவாளி. "எப்படிக்கா ஞாபகம் வச்சுக்குவீங்க?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் அப்பத்தான் யோசிச்சேன். எனக்கு வாங்கத் தெரிஞ்ச ஒரே பொருளு எருமை. எருமை வாங்கப் போனா எவனும் என்னைய ஏமாத்த முடியாது. மூணு வேள கறந்து பாக்காம காசு குடுக்க மாட்டேன். "நான் எருமையில வச்சுக்கிறேன் தாயி"ன்னேன்.

அதுக்கு ஒண்ணும் புரியல. வாரா வாரம் பாடம் ஆக ஆக ஒவ்வொண்ணாச் சொன்னேன். மூஞ்சின்னா விக்கிறவன் ஆரு, பத்திரத்துல இருக்கிறதும் அவனும் ஒண்ணான்னு பாக்கிறது. பல்லப் புடிச்சுப் பாத்தா வயசு தெரியும்ல, அதுதான் தாய்ப் பத்திரம். இவன் ஆருகிட்ட வாங்குனான், அவன் ஆருகிட்ட வாங்குனான்னு பின்னாடியே போறது. கழுத்துக் கயிறு வில்லங்கம். எருமை இங்க நிக்கும், கயிறு வேற எவன் மொளையிலயோ கட்டியிருக்கும். அடமானத்துல இருக்கான்னு ஆபீசுலயே எழுதி வாங்கிறணும். நாலு காலும் நாலு எல்லை, அதுல டெய்லரு கோட்ட விட்டாரே, அதான் நெனச்சுக்கிட்டேன். மடி கெணறு. வாலு, வீட்டுக்கு வந்து போற பாத.

ஒவ்வொரு வாரமும் அந்தப் பொண்ணு ஒரு பாடத்த முடிச்சிட்டு, "இதுக்கு எருமையில எதுக்கா?"ன்னு எங்கிட்டக் கேக்கும். நாலாவது வாரமெல்லாம் நோட்டு வச்சிருந்தவுகளே எருமைப் படத்தப் போட்டு அம்புக்குறி போட ஆரம்பிச்சிட்டாக. ஒரு பெரியவரு போட்ட படம் பன்னி மாதிரி இருந்துச்சு. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு மூச்சு வாங்கிருச்சு.

அஞ்சாவது ஞாயித்துக்கெழமதான் வாரிசு. ஒருத்தர் சொந்தமாச் சம்பாதிச்சு வாங்குன சொத்து, எதுவும் எழுதி வைக்காம செத்துட்டா, பிள்ளைக அம்புட்டுப் பேருக்கும் பங்கு இருக்கு, பொம்பளப் பிள்ளைகளுக்கும் இருக்குன்னுச்சு. அத்தன பேரும் கையெழுத்துப் போடாம வாங்குனா பின்னால கோர்ட்டுக்கு நடக்கணும்னுச்சு. ஹால்ல பொம்பளைக பக்கம் ஒரு சலசலப்பு. ஆம்பளைக பூராவும் நோட்டுக்குள்ள தலையக் கவுத்துக்கிட்டாக. "இது எருமையில எதுக்கா?"ன்னு கேட்டுச்சு. நான் யோசிக்கவே இல்ல. "கன்னு தாயி. கன்ன எங்கன்னு கேக்காம கறவைய ஓட்டிட்டு வரக் கூடாது"ன்னேன்.

இப்ப வீட்டுக்கு வாரேன். தரகரு சமயநல்லூர்ல ஒரு வீடு காட்டுனாரு. நான் நெனச்சது அப்பிடியே இருந்துச்சு. ஓட்டு வீடு, பெரிய தொழுவம், கொல்லையில கெணறு, ஒரு முருங்க மரம். நான் கெணத்துத் தண்ணிய மோந்து குடிச்சேன், கல்கண்டா இருந்துச்சு. விக்கிறவரு அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மூத்தவரு எங்க வீட்டுக்காரருக்கு சுத்தி வளைச்சு மச்சான் முறை வேணும். கேக்கவா வேணும்? மாப்ள, மச்சான்னு ஒரே குலாவல். நல்ல நாளுப் பாத்து அச்சாரம் குடுக்கப் போனோம். வெத்தல பாக்கு, தேங்கா, பழம், அது மேல பணத்த வச்சு, தட்டு எங்கையில. நான் எருமைப் பாலுல சேத்தது, சீட்டுப் புடிச்சது, எல்லாம் அந்தத் தட்டுல இருக்கு. அது போச்சுன்னா எருமையும் போச்சு, தல சாய்க்க எடமும் போச்சு.

தட்ட நீட்டச் சொன்னாக. நான் நீட்டல.

"அண்ணே, ஒரு நிமிசம். எடம் ஆரு பேருல இருக்கு?"

மூத்தவரு சிரிச்சாரு. "எங்கப்பாரு பேருல தாயி. அவரும் ஆத்தாவும் போய்ச் சேந்து வருசமாச்சு. வெங்காய யாவாரம் பண்ணி அவரு சொந்தமா வாங்குனது. காயிதமெல்லாம் இந்தா இருக்கு."

நான் மூஞ்சியிலருந்து ஆரம்பிச்சேன். பல்லு கேட்டேன், கயிறு கேட்டேன், நாலு காலையும் நடந்து காட்டச் சொன்னேன். தாய்ப் பத்திரம் இருக்கு, வில்லங்கம் இல்லைன்னு எழுதி வாங்கியிருக்காக, எல்லையும் சரியா இருக்கு. நல்ல மனுசருதான், பொய்யில்ல. ஓரமா ஒக்காந்திருந்த ஒரு பெரியவரு, "ஏப்பா மாப்ள, ஒம் பொண்டாட்டி வீடு பாக்க வந்துச்சா, மாடு புடிக்க வந்துச்சா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு, ஆனா பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

"அப்பாருக்கு எத்தன பிள்ளைகண்ணே?"

"ரெண்டு. நானும் எந்தம்பியும்."

"ஆம்பளப் பிள்ளைய மட்டும் கேக்கல."

அடுப்படிக்குள்ளருந்து மூத்தவரு பொண்டாட்டி, பாத்திரத்த நங்குன்னு வச்சுட்டு, "எழுமலையில ஒண்ணு இருக்கே, அத எந்தக் கணக்குல சேக்குறாகளாம்?"னுச்சு.

மூத்தவருக்கு மூஞ்சி செவந்து போச்சு. "அவளக் கட்டிக் குடுத்து இருவது வருசமாச்சு. போன வருசம் அவ மக சடங்குக்கு ஊரே வாயப் பொளக்கச் சீரு கொண்டு போனோம். கெடாயென்ன, பட்டென்ன, வேட்டென்ன! அவ வாயே தொறக்க மாட்டா."

"சீரு குடுத்தீக, சரிண்ணே. கையெழுத்து வாங்குனீகளா?"

அம்புட்டுத்தான். எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சுட்டாரு. "ஏய்! தாய்மாமன் சீரு செஞ்ச எடத்துல வந்து பங்கு கிங்குன்னு பேசுறியே, எம்புட்டுப் பெரிய கேவலம் தெரியுமா?"

அவரு சொன்னதுலயும் தப்பில்ல மதினி. ஒனக்கே தெரியும், நம்ம பக்கம் அண்ணன் தம்பி சீரு கொண்டு வந்து எறக்கிட்டா, அதுக்கு மேல ஒரு பொம்பள அப்பன் சொத்தப் பத்தி வாயெடுக்க மாட்டா. நானே எடுத்ததில்ல. ஆனா அன்னைக்கு எனக்கு என்ன தைரியமோ! தட்டத் தூக்கி இடுப்புல வச்சேன். "கன்னப் பாக்காம நான் கறவை புடிக்கிறதில்லண்ணே"ன்னுட்டு வாசலுக்கு வந்துட்டேன். தட்டுல தேங்கா உருளுது. தரகரு பின்னாடியே ஓடி வந்து, "வெள்ளிக்கெழமைக்குள்ள முடிக்காட்டி, இதே வீட்டக் கேட்டுக்கிட்டு இருக்கிற ரைஸ் மில்லுக்காரரு முடிச்சிருவாரு, பாத்துக்கங்க"ன்னு மெரட்டுனாரு.

திரும்பி வாரப்ப பஸ்ஸுல எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட ஒக்காரல. முன்னால போயிக் கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டாரு, சீட்டு காலியா இருந்தும். முறைக்காரக முன்னாடி மானத்த வாங்கிட்டேனாம். எனக்கும் பயந்தான். அம்புட்டு நல்ல வீடு, கைக்கு எட்டுனத நானே தட்டி விட்டுட்டேனோன்னு.

மறுநா விடியக் கறந்து, பால ஊத்திட்டு, சேலைய மாத்துனேன்.

"எங்க போற?"

"எழுமலைக்கு."

"போறவ அப்பிடியே போயிரு"ன்னாரு. அப்பிடித்தான் சொல்லுவாரு, நான் கெளம்பையில பஸ்ஸுக்குச் சில்லறைய மட்டும் சன்னல்ல எடுத்து வச்சிருந்தாரு.

உசிலம்பட்டிக்கு ஒரு பஸ்ஸு, அங்கருந்து எழுமலைக்கு ஒண்ணு. கேட்டுக் கேட்டுப் போனேன். மூத்தவரு பொண்டாட்டி, நான் வாசல் எறங்கையில காதோரமா அடையாளம் சொல்லியிருந்துச்சு, பருத்திக் கடைக்குப் பின் வீடுன்னு. அந்தம்மா முத்தத்துல ஒக்காந்து பருத்தி பிரிச்சுக்கிட்டு இருந்தாக. அண்ணன் மூஞ்சி அச்சா அப்பிடியே.

"ஆரு வேணும்?"

"ஒங்க அப்பா வீட்ட வாங்க வந்தவக்கா நான்."

கையில இருந்த சொளை அப்பிடியே நின்னு போச்சு. "வீட்ட விக்கிறாகளா?"ன்னு கேட்டாக. அதக் கேட்ட கொரலு இன்னும் எங்காதுல இருக்கு. அவுக பொறந்த வீடு. ஒரு வார்த்த சொல்லல பாரு.

உள்ளருந்து அவுக வீட்டுக்காரரு வேகமா வந்தாரு. "சடங்குக்கு வந்தவனுக மூச்சு விடலியே! நல்ல வேள, சொன்னீக. இல்லாட்டி நீங்க பால் காச்சுன மறுநா ஸ்டே ஆர்டரோட வந்து நின்னிருப்பேன்"ன்னாரு. சும்மா சொல்ற ஆளாத் தெரியல. டெய்லரு பொண்டாட்டி எனக்கு ஒரு நிமிசம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

அந்தம்மா அவரப் பேசாம இருக்கச் சொல்லிட்டு எங்கிட்டத் திரும்புனாக. "பங்கு கேட்டா எம் மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரமாட்டாக. கேக்காட்டி எங்கப்பன் கட்டுன வீட்டுல எனக்கு ஒரு ஓடு கூடக் கெடையாது. நீயே சொல்லு, எத விட?"

வகுப்புல அந்தப் பாடம் இல்லையே. அந்தப் பொண்ணு இதச் சொல்லித் தரலியே! "எனக்குத் தெரியலக்கா. ஒனக்குப் பங்கு இருக்குன்னு சொல்லத்தான் வந்தேன். வச்சுக்கிறதும் விட்டுக்குடுக்கிறதும் ஒன் இஷ்டம். ஆனா ஒங்கையெழுத்து இல்லாம நான் வாங்க மாட்டேன்"ன்னேன்.

அவுக எந்திரிச்சுப் போயிச் சோத்தப் போட்டாக. கருவாட்டுக் கொழம்பு. எந்தப் பயத்துலயும் எனக்குப் பசி மட்டும் போகாது, ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். கை கழுவத் தண்ணி ஊத்துறப்பத்தான் வாயத் தொறந்தாக. "சீரு எங்கண்ணன் பாசத்துக்கு. பங்கு எங்கப்பன் பாசத்துக்கு. ரெண்டையும் எதுக்குப் போட்டுக் கொழப்புறது? நான் வாரேன், வா"ன்னு சேலைய மாத்திக்கிட்டு எங்கூடவே பஸ் ஏறிட்டாக!

சமயநல்லூர்ல நாங்க ரெண்டு பேரும் போயி எறங்குனப்ப மூத்தவரு மூஞ்சியப் பாக்கணுமே. கத்துனாரு, துண்ட ஒதறுனாரு. செஞ்ச சீருக்கெல்லாம் கணக்குச் சொன்னாரு. அந்தம்மா அசையல. "நீ குடுத்தத நான் கொறை சொல்லலண்ணே. அப்பா குடுத்தத நீ எடுத்துக்காத"ன்னு ஒரே பேச்சுத்தான். நான் கெணத்துப் பக்கமாப் போயி நின்னுக்கிட்டேன், அது அவுக குடும்ப விசயம். ரெண்டு நாள்ல ரைஸ் மில்லுக்காரரு காதுக்கு இது போயிருச்சு. தங்கச்சி பிரச்சனை இருக்கிற எடம் எனக்கு வேணாம்னு அவரு ஒதுங்கிட்டாரு. பாத்தியா, காசு உள்ளவன் கன்னு விசயத்துல எம்புட்டு உசாரு! அதுக்குப் பெறகு தம்பிக்காரருதான் மொதல்ல எறங்கி வந்தாரு. "அவ நம்ம கையில இருந்து கேக்கலண்ணே, அப்பா கையில இருந்துதான் கேக்குறா"ன்னாரு. மூத்தவரு ஒரு வாரம் முறுக்கிக்கிட்டு இருந்துட்டு, சரின்னுட்டாரு. மூணு பங்கு.

ரெஜிஸ்தர் அன்னைக்கு அந்த டைப் அடிக்கிற பொண்ணு அரை நா லீவு போட்டு வந்துச்சு. வயித்தத் தள்ளிக்கிட்டு ஒக்காந்து பத்திரத்த ஒரு எழுத்து விடாம எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. ஒரு எடத்துல எல்லை ஒரு அடி மாறி இருந்ததத் திருத்த வச்சுச்சு. பத்திரம் எழுதுறவருதான், "தெரிஞ்சவன் நான் இருக்கேன்ல"ன்னாரே, அதே மனுசருதான். காலையில எழுத ஒக்காரையிலேயே, "வாங்குறவர் பேரு?"ன்னு எங்க வீட்டுக்காரரப் பாத்துக் கேட்டாரு.

எங்க வீட்டுக்காரரு என்னையக் கை காட்டுனாரு. "படிச்சது அவ. அவ பேருக்கு எழுதுங்க."

மதினி, கல்யாணம் பண்ணி அம்புட்டு வருசத்துல அந்த மனுசன் எனக்கு ஒரு மொழம் பூ வாங்கித் தந்ததில்ல. தர வேண்டியத அன்னைக்கு மொத்தமாத் தந்துட்டாரு.

எழுமலை அக்கா கையெழுத்துப் போடத் தெரிஞ்சவுக. ஒவ்வொரு எழுத்தா, கோலம் போடுற மாதிரி நிதானமாப் போட்டாக. ஆபீசுக்காரரு சீக்கிரம் சீக்கிரம்ங்கிறாரு, அவுக காதுலயே வாங்கல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தாக. அதுக்குப் பெறகு நான் வெரல்ல மையத் தொட்டு அமுக்குனேன். ரெண்டு நாளைக்கு அந்த மையக் கழுவல. பாலு கறக்குறப்ப மட்டும் அந்த வெரலத் தூக்கிக்கிட்டே கறந்தேன்.

தை பொறக்கிறதுக்கு முன்னாலயே எருமைக ரெண்டையும் வைகைப் பாலத்து மேல ஓட்டிக்கிட்டு சமயநல்லூருக்கு நடந்தே வந்தோம். சாமான் வண்டியில. காம்பவுண்டு அம்மா மூக்கப் பொத்தாம வாசல்ல நின்னு பாத்துச்சு. எங்க எருமைப் பாலத்தான் புது வீட்டுல காச்சுனது, அது பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு. அந்தச் சௌராஷ்டிரா சனம் பதினஞ்சு இருவது பேரு வந்திருந்தாக. பன்னி மாதிரி எருமை போட்ட பெரியவரும் வந்தாரு. எழுமலை அக்கா மக கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிக வந்துச்சு. போனேன். தாய்மாமன் ரெண்டு பேரும் வந்தாக. மூத்தவரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வந்தாரு, ஆனா சீரோட வந்தாரு!

அதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஆரு வீடு வாங்குனாலும், எடம் வாங்குனாலும், பொம்பளைக மொதல்ல எங்கிட்டத்தான் வருவாக. நான் மூஞ்சியிலருந்து ஆரம்பிச்சு வாலு வரைக்கும் சொல்லி அனுப்புவேன். கன்னு விசயத்த மட்டும் ரெண்டு தடவ சொல்லுவேன். அலங்காநல்லூர்லருந்து கூட ஒருத்தி பஸ் ஏறி வந்தா, நாத்தனாவையும் கூட்டிக்கிட்டு. அந்த டைப் அடிச்ச பொண்ணுக்கு ஆம்பளப் பிள்ள பொறந்துச்சு, ஒரு வருசம் பாலு நான்தான். காசு குடுக்க வந்துச்சு, வெரட்டி விட்டேன்.

எனக்கு இன்னைக்கும் எழுத்துத் தெரியாது. ஆனா அந்தப் பத்திரத்த விரிச்சா, ரெண்டாவது பக்கத்துல மேலருந்து அஞ்சாவது வரியில எம் பேரு இருக்கு, கண்ண மூடிக்கிட்டு வெரல வைப்பேன். என்னைய உள்ள வந்து ஒக்காருன்னு ஒரு சின்னப் பொண்ணு சொன்ன அந்த ஒரு வார்த்ததான் மதினி, நான் இன்னைக்குப் படுத்துத் தூங்குற இந்த வீடு...

ஏய் பேத்தி, எழுதுனது போதும், பேனாவ மூடு! மேல பாரு, தூத்தல் விழுகுது. பெறகு கட்டுன மாடியில வடகம் அம்புட்டும் காயுது, ஓடி வாங்கடி ரெண்டு பேரும், நான் ஏணி ஏறுறதுக்குள்ள நனைஞ்சு போகும்!